தம்பிக்கு 36 வயது

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் தம்பியைக் கூட்டிக்கொண்டு காலை ஒன்பதரைக்கே போய் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் முறை வரும்போது மணி ஒன்றே கால். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மனுவை வாங்கி மேலோட்டமாகப் பார்த்தார், தம்பியின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையைத் திருப்பிப் பார்த்தார், பிறகு என்னிடம், "தம்பி எந்த ஸ்கூல்ல படிக்கிறாரு?" என்றார்.

தம்பிக்கு 36 வயது. மீசையில் இரண்டு நரை இருக்கிறது. நான் வாயைத் திறப்பதற்குள் அவனே பதில் சொல்லிவிட்டான். "இன்னிக்கு லீவு சார்."

அந்த மனிதரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை, நல்ல மாதிரியாகத்தான் பேசினார், தம்பிக்குத் தண்ணீர்கூட எடுத்துக் கொடுக்கச் சொன்னார். அவர் முன்னால் இருந்த படிவத்தில் இருந்த கட்டங்கள் மூன்றுதான்: பள்ளி, உபகரணம், உதவித்தொகை. சக்கர நாற்காலி, காது கேட்கும் கருவி, மூன்று சக்கர ஸ்கூட்டர் எல்லாம் உபகரணத்தில் வரும். தம்பி எந்த உபகரணமும் கேட்கவில்லை. உதவித்தொகை ஏற்கெனவே வருகிறது. மிச்சம் இருப்பது பள்ளி, அதனால்தான் அவர் பள்ளியைக் கேட்டார். நாங்கள் கேட்டுப் போனது எந்தக் கட்டத்திலும் இல்லாத ஒன்று. பகலில் அவன் போய் இருக்க ஓர் இடம்.

தம்பி பெயரை இங்கே போடப் போவதில்லை. போடட்டுமா என்று அவனிடம் கேட்டேன், சரி என்றான். அவன் எதைக் கேட்டாலும் சரி என்பான், அதனாலேயே போடவில்லை.

அவன் 1989-இல் பிறந்தவன். பிறந்த எட்டாம் நாளே வலிப்பு. தலை நிற்கத் தாமதம், நடக்க மூன்றரை வயது, "ம்மா" என்று வாய் திறக்க ஐந்து வயது. எட்டு வயதில் பெரியாஸ்பத்திரியில் சான்றிதழுக்காகப் பரிசோதனை செய்தார்கள், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, நானும் கூடப் போயிருந்தேன். ஒரு மரப்பலகை, அதில் வட்டம், சதுரம், நட்சத்திரம், சிலுவை என்று 10 குழிகள், கட்டைகளை எடுத்து அதது இடத்தில் வைக்க வேண்டும், பக்கத்தில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். செகுவின் பலகை என்று அதற்குப் பெயர் என்பது பிற்பாடு தெரிந்துகொண்டது. தம்பி வட்டத்தையும் சதுரத்தையும் வைத்தான். நட்சத்திரத்தைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டான், கேட்டதற்குத் தர மாட்டேன் என்று அழுதான். குறைபாடு 75 சதவீதம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அப்பா அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "கணக்குல இவன்தான்டி நம்ம வீட்ல ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்று சிரித்தார். அவர் அரிசி ஆலையில் கணக்கு எழுதியவர். வீட்டுக்கு வந்து அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

அந்தத் தாளில் "மனவளர்ச்சி குன்றியவர்" என்று இருந்தது. இப்போது அட்டையில் "அறிவுசார் குறைபாடு" என்று வருகிறது. "ஊனமுற்றோர்" போய் "மாற்றுத்திறனாளி" வந்ததும் எங்கள் காலத்தில்தான். வார்த்தை மாறியதில் எனக்குச் சந்தோஷமே, தெருவில் பிள்ளைகள் என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பது அம்மாவுக்கும் எனக்கும் தெரியும். ஆனால் வார்த்தை மாறின வேகத்தில் அந்த அலுவலகத்து அறை மாறவில்லை. இன்றைக்கும் பாதிப் பேருக்கு மனநோயும் இதுவும் ஒன்றுதான். "எப்ப சரியாகும், நல்ல டாக்டரா பாருங்களேன்" என்பார்கள். இது வந்து போகிற நோய் கிடையாது, மூளை வளரும் பருவத்திலேயே ஏற்பட்டுவிடுகிற ஒன்று, அவன் இப்படித்தான் இருப்பான், இப்படியே கற்றுக்கொள்ளவும் செய்வான், மெதுவாக. இதை வருஷத்துக்கு நாற்பது தடவையாவது யாருக்காவது சொல்கிறேன்.

சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நானே ரொம்ப லேட்டாகத்தான் படித்தேன். 1995-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஏழு வகைதான், ஆட்டிசம் அதில் கிடையவே கிடையாது. 1999-இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தபோது ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு நான்குக்கும் தனியாக ஓர் ஏற்பாடு செய்தார்கள். இப்போது நடப்பில் இருப்பது 2016-ஆம் வருஷச் சட்டம், 2017 ஏப்ரலில் அமலுக்கு வந்தது, 21 வகைக் குறைபாடுகள் அதில் இருக்கின்றன. அதன் 31-ஆவது பிரிவு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி என்கிறது.

18 வரை.

சின்னப் பிள்ளைகளுக்கு நிலைமை முன்னைவிட எவ்வளவோ தேவலை, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். வளர்ச்சித் தாமதத்தைக் கைக்குழந்தையிலேயே கண்டுபிடிக்க மாவட்டத்துக்கு ஒரு ஆரம்பநிலை இடையீட்டு மையம் என்ற ஏற்பாடு 2013-க்குப் பிறகு வந்தது. வட்டார வள மையத்தில் பிசியோதெரபி, ஸ்பீச் தெரபி, சிறப்பாசிரியர் என்று ஏதோ ஒன்று கிடைக்கிறது. முட்டுக்காட்டில் 2005 முதல் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது, எங்கள் பக்கத்திலிருந்து ராத்திரி பஸ் பிடித்துப் போய் வரிசையில் நின்று பார்த்துவிட்டு வருகிற அம்மாக்களை எனக்குத் தெரியும். தம்பி பிறந்த காலத்தில் இதெல்லாம் இருந்திருந்தால் என்று அம்மா சொல்வாள், அப்போது நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

அந்தப் பிள்ளைகளுக்கும் 18 வயது வரும் இல்லையா? எனக்கு அதுதான் கேள்வி. தம்பி படித்தது ஒரு டிரஸ்ட் நடத்திய சிறப்புப் பள்ளியில். வேன் வரும், டிபன் பாக்ஸோடு ஏறுவான், நாலு மணிக்கு இறங்குவான். வேட்டி மடிக்க, காய் நறுக்க, கையெழுத்து மாதிரி ஒன்று போட, பல் தேய்க்க எல்லாம் அங்கே கற்றுக்கொண்டதுதான். 18 முடிந்ததும், அவர்கள் இன்னும் ஒரு வருஷம் இழுத்துப் பிடித்தார்கள், அப்புறம் அம்மாவைக் கூப்பிட்டு இனிமேல் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது, கிடைக்கிற மானியமே அந்த வயதுக் கணக்குக்குத்தான். மறுநாள் காலையில் இவன் குளித்து, சட்டை போட்டு, டிபன் பாக்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றான். வேன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் நின்றான். மூன்று மாதம் நின்றிருப்பான். அப்பா ஒரு கட்டத்தில் அவனை சைக்கிளில் உட்கார வைத்து ஊரைச் சுற்றிவிட்டுக் கொண்டுவந்து வீட்டிலேயே இறக்கிவிட ஆரம்பித்தார், அது அவனுக்குப் பள்ளிக்கூடம் போய் வந்த மாதிரி. 2016-இல் அப்பா போனார். சைக்கிள் சவாரியும் போனது.

17 வருஷமாக ஓர் ஆள் வீட்டுக்குள் இருப்பது என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். உடம்பு ஏறும். நேரம் போகாது, போகாத நேரத்துக்குச் சாப்பாடு. பள்ளியில் கற்ற வேலைகள் ஒவ்வொன்றாக மறந்து போகும், காய் நறுக்கக் கத்தியை யார் கொடுப்பார்கள், பார்த்துக்கொண்டிருக்க ஆள் வேண்டுமே. டிவி சத்தம். கரண்ட் போனால் கோபம். அந்தக் கோபத்துக்கு டாக்டர் ஒரு மாத்திரை எழுதுவார், அது அவனைத் தூங்க வைக்கும், தூங்கினால் இன்னும் உடம்பு ஏறும். அம்மாவுக்கு 68 வயது, இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது, 90 கிலோ எடையுள்ள ஒருவனுக்கு வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க அவளால் முடியாது. நான் பக்கத்து ஊரில் வேலை பார்க்கிறேன், கல்யாணம் ஆகி இரண்டு பிள்ளைகள். ஆள் வைத்தால் ஒரு நாளைக்கு 500 ரூபாய் கேட்கிறார்கள், அதுவும் ஒரு வாரத்துக்கு மேல் யாரும் நின்றதில்லை.

அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை 2,000 ரூபாய். முன்பு 1,500 இருந்தது. ஆள் வைத்தால் நாலு நாளைக்கு ஆகும். பக்கத்தில் ஆந்திராவில் 2024 முதல் மாற்றுத்திறனாளிகளுக்கு மாதம் 6,000 ரூபாய், அங்கே கொடுக்க முடிகிறது என்றால் இங்கே ஏன் முடியாது என்று சங்கத்தினர் ரோட்டில் உட்கார்ந்து கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, நானும் ஒரு தடவை போய் உட்கார்ந்திருக்கிறேன். 2021-லிருந்து டவுன் பஸ்ஸில் அவனும் இலவசம், கூட வரும் துணையும் இலவசம் (நான் பெண் என்பதால் எப்படியும் இலவசம்தான், இரட்டைச் சலுகை). ரயிலில் துணைக்கும் சேர்த்துக் கட்டணக் குறைப்பு உண்டு. நிராமயா என்று ஒரு லட்சம் ரூபாய் வரைக்குமான மருத்துவக் காப்பீடு இருக்கிறது, தேசிய அறக்கட்டளை நடத்துவது, அதைப் பற்றி எங்களிடம் எந்த அலுவலகத்திலும் யாரும் சொல்லவில்லை, தம்பி வயசுப் பையன் ஒருவனின் அம்மா பஸ் ஸ்டாண்டில் சொன்னார்.

அவனிடம் மாதம் 6,000 ரூபாயே கொடுத்தாலும் காலை ஒன்பது மணிக்கு டிபன் பாக்ஸோடு போக அவனுக்கு ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தை நான் தனியாளாகக் காசு கொடுத்து வாங்க முடியாது, கடையில் விற்கவில்லை. பொதுச் சேவை என்று ஒன்றை அரசு நடத்துவதே இதற்காகத்தானே? அம்மாவின் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டு வாசலுக்கே வருகிறது, அந்தப் பெண் வந்து திண்ணையில் உட்கார்ந்து பிரஷர் பார்த்துவிட்டுப் போகிறார், நல்ல திட்டம், எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. அதே வீட்டில் உள்ளே உட்கார்ந்திருக்கும் தம்பியின் வலிப்பு மாத்திரைக்கு நான் மாதாமாதம் லீவு போட்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கிறேன். அந்தப் பெண் வாசலில் நிற்கும்போது இவன் கதவுக்குப் பின்னாலிருந்து கையை நீட்டுவான், தனக்கும் பிரஷர் பார்க்கச் சொல்லி. அவரும் பார்த்துவிடுவார். லிஸ்டில் இல்லாத ஆள்.

இடம் என்று நான் சொன்னதும் எல்லோரும் சொல்வது "ஹோம்ல சேத்துருங்களேன்". வயது வந்தவர்களுக்குத் தொழிற்பயிற்சியோடு சேர்ந்த இல்லங்கள் அரசு மானியத்தில் நடக்கின்றன, உண்மைதான். அங்கே போனால் அங்கேயே தங்க வேண்டும். வீட்டில் சும்மா இரு, இல்லை வீட்டை விட்டே போ, நடுவில் ஒன்றும் கிடையாது. எனக்கு ஹோம் என்றாலே பயம், அதற்குக் காரணம் இருக்கிறது. 1994-இல் மகாராஷ்டிராவில் ஷிரூர் என்ற ஊரில், அரசு இல்லத்தில் இருந்த அறிவுசார் குறைபாடுள்ள பெண்களுக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள், மாதவிடாய் நாட்களில் சுத்தமாக வைத்துக்கொள்ள முடியவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் பிடித்த தீயில் 28 பேர் சங்கிலியோடு எரிந்து போனார்கள், அவர்கள் மனநோயாளிகள், இவனுடைய பிரச்சினை வேறு என்று இப்போது உங்களுக்கே விளக்கிவிட்டேன், ஆனால் அன்றைக்கு பேப்பரைப் பார்த்த அப்பா தம்பியின் காலைத்தான் பார்த்தார். எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு ஹோம் என்ற பேச்சே எடுக்க முடியாது. எல்லா இல்லமும் மோசம் என்று சொல்ல வரவில்லை, நல்லபடி நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள், அவசரத்துக்கு அதுவும் வேண்டும். ஆனால் பகலுக்கு ஓர் இடம், ராத்திரிக்குத் தன் பாய், தன் தலையணை, அம்மாவின் இருமல் சத்தம் கேட்கிற தூரம், இது பேராசையா?

பேராசை இல்லை, சட்டத்திலேயே இருக்கிறது. 2016 சட்டத்தின் 5-ஆவது பிரிவைப் படித்த அன்றுதான் எனக்கு இது புரிந்தது. ஊருக்குள், எல்லோரையும் போல வாழும் உரிமை. இந்த மாதிரி இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது. வீட்டிலும் வெளியிலும் அதற்கான உதவிச் சேவைகள் கிடைக்கச் செய்ய வேண்டும். 38-ஆவது பிரிவு, அதிக உதவி தேவைப்படுகிறவர் தானோ, அவர் சார்பில் வேறொருவரோ அதற்கென்று விண்ணப்பிக்கலாம், ஒரு குழு வந்து மதிப்பிட வேண்டும் என்கிறது. இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தது வக்கீல் இல்லை, மாற்றுத்திறனாளிகள் சங்கத்தில் இருக்கும் ஒரு தோழர், இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு காலும் போனவர், கலெக்டர் அலுவலக வராண்டாவில் பாதி நாள் அவரைப் பார்க்கலாம்.

எங்களுடைய முதல் மனுவை அவரிடம் காட்டினேன். "ஐயா அவர்களின் பொற்பாதம் பணிந்து" என்று ஆரம்பித்து, அப்பா செத்தது, அம்மா முட்டி, வீட்டுக் கூரை ஒழுகுவது, உதவித்தொகை இரண்டு மாதம் தள்ளிப்போனது, பகல் மையம் என்று ஒரு குடும்பக் கதையே எழுதியிருந்தேன், நாலு பக்கம். படித்துவிட்டு அவர் சொன்னது: "பொற்பாதத்தை எடு. ஒரு மனுல ஒரே கோரிக்கை. அஞ்சு விஷயம் கேட்டா அதுல எது சுலபமோ அதுக்கு ஒரு பதில் போட்டு ஃபைலை மூடிடுவாங்க." அவர் சொன்னபடியே ஆயிற்று, கூரைக்குத்தான் பதில் வந்தது, தொகுப்பு வீட்டுக்கு விண்ணப்பிக்கலாம் என்று. பிரிவு எண்ணைப் போடு, தேதி போட்ட ஒப்புகைச் சீட்டு வாங்காமல் எழுந்து வராதே, ஜெராக்ஸ் எடுக்காமல் எதையும் கொடுக்காதே, பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டிக் கேள், 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். இன்னொன்றும் சொன்னார், தனியாகப் போகாதே.

தனியாகப் போகாமல் இருக்க ஆள் தேட வேண்டியிருந்தது. மருந்து வரிசையில் பார்த்த முகங்கள், முகாமில் பார்த்த முகங்கள் என்று நம்பர் வாங்கி வாங்கி ஒரு வாட்ஸப் குழு. ஆறு அம்மாக்கள், ஆட்டோ ஓட்டும் ஓர் அப்பா, நான் ஒருத்திதான் அக்கா. முதல் இரண்டு மாதம் குட் மார்னிங் பூப்படங்களும் யார் வீட்டுப் பிள்ளைக்கு எந்த மாத்திரை என்பதும்தான் ஓடியது, அதுவும் தேவையாகத்தான் இருந்தது, இத்தனை வருஷம் இதைப் பேச யாரும் இல்லாதவர்கள். அப்புறம் ஆர்டிஐ போட்டோம். இரண்டே கேள்வி. நம் மாவட்டத்தில் 18 வயதுக்கு மேற்பட்ட, அறிவுசார் குறைபாடுள்ள எத்தனை பேரிடம் அடையாள அட்டை இருக்கிறது? அவர்களில் எத்தனை பேருக்கு அரசு நடத்தும், அல்லது அரசு மானியம் பெறும் பகல்நேர மையத்தில் இடம் இருக்கிறது? முதல் கேள்விக்கு நாலு இலக்கத்தில் ஓர் எண் வந்தது. இரண்டாவதற்கு நேராக ஒரு கோடு போட்டிருந்தார்கள். அந்தத் தாளை லேமினேட் பண்ணி வைத்திருக்கிறோம். அதற்குப் பிறகு எந்த அதிகாரி முன்னால் போனாலும் பேசுவதற்கு முன் அதை மேசைமேல் வைத்துவிடுவோம்.

முகாம்களைப் பற்றி ஒரு பாராவாவது எழுதாவிட்டால் என் குழுவில் சண்டைக்கு வருவார்கள். வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை எல்லா வகை மாற்றுத்திறனாளிகளுக்கும் சேர்த்து ஒரே கல்யாண மண்டபத்தில் முகாம். மைக்கில் பெயர் படிப்பார்கள், எதிரொலிக்கும். ஆட்டிசம் உள்ள பிள்ளை ஒன்று காதைப் பொத்திக்கொண்டு தலையைத் தூணில் மோதும், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், அந்த அம்மா பிள்ளையை அடிப்பாள், அடித்துவிட்டு அழுவாள். வாசலில் மட்டும் சாய்தளம் பளபளவென்று இருக்கும், போட்டோவும் அங்கேதான் எடுப்பார்கள். சாய்தளம் தேவையே, அதற்கே எத்தனை வருஷப் போராட்டம். ஆனால் எங்கள் பிள்ளைகளுக்குச் சாய்தளம் என்பது சிமென்ட்டில் வருவதில்லை. கூட்டம் குறைந்த ஓர் அறை, முன்கூட்டியே சொன்ன நேரம், மைக் இல்லாமல் வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போகிற ஓர் ஆள், ஒவ்வொரு தடவையும் அதே ஆளாக இருந்தால் இன்னும் நல்லது. இதற்கு எவ்வளவு செலவாகிவிடும்?

சான்றிதழ் கூத்து தனி. 2018-இல் வந்த வழிகாட்டு விதிப்படி அறிவுசார் குறைபாட்டுக்கு 5, 10, 18 வயதுகளில் சான்றைப் புதுப்பிக்க வேண்டும், 18-இல் தருவது ஆயுசுக்கும் செல்லும். தம்பிக்கு 2019-இல் புதுப்பித்தபோது நிரந்தரம் என்றே போட்டுத் தந்தார்கள். போன வருஷம் ஓர் அலுவலகத்தில், சான்று பழசாகிவிட்டது, புதிதாக வாங்கி வந்தால்தான் உதவித்தொகை தொடரும் என்று நிறுத்தி வைத்தார்கள். நிரந்தரம் என்று எழுதியிருக்கிறதே என்றேன். "அது சரிம்மா, இப்ப எப்படி இருக்காருன்னு பாக்கணும்ல" என்றார் அந்த எழுத்தர். ஆயுசுக்கும் என்றால் ஆயுசுக்கும்தானே சார் என்று விதியின் நகலை நீட்டினேன், படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் வாங்கி வைத்துக்கொண்டார். மூன்று மாதப் பணம் சேர்ந்து வந்தது. அந்த நகல் என் பையில் இல்லாதிருந்தால்? நகல் இல்லாத அம்மாக்கள் முகாமுக்கு ஆட்டோ பிடிக்கிறார்கள்.

2025 ஏப்ரலில் உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கச் சட்டசபையில் சட்டம் நிறைவேறியது. அன்றைக்குக் குழுவில் ஒரே பட்டாசுப் படங்கள். நானும் சந்தோஷப்பட்டேன், பஞ்சாயத்துக் கூட்டத்தில் நம்மவர் ஒருவர் உட்காருவது பெரிய விஷயம். அந்த நாற்காலியில் தம்பி மாதிரி ஒருவர் உட்காரப் போவதில்லை என்பதும் தெரிகிறது. உட்காருகிறவர் தம்பியைப் போன்றவர்களுக்காகவும் பேச வேண்டும் என்று நாங்கள்தான் போய்ச் சொல்ல வேண்டும். மாற்றுத்திறனாளி இயக்கத்துக்குள்ளேயே எங்கள் பிள்ளைகள் கடைசி வரிசை என்று ஒருநாள் அந்தத் தோழரிடமே சண்டை போட்டிருக்கிறேன். அவர் கோபப்படவில்லை. "அவங்க அவங்களுக்காகப் பேச முடியாதுன்னு நீ முடிவு பண்ணிட்டியே, ஒரு நாள் மனுவ உன் தம்பி கையில குடுத்துப் பாரு" என்றார்.

கொடுத்துப் பார்த்தேன். அன்று முதல் மனுவை நீட்டுவது தம்பி வேலை. ஒப்புகைச் சீட்டை வாங்குவதும் அவன்தான், வீட்டுக்கு வந்து பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடி வைக்கிறான். 11 சீட்டு சேர்ந்திருக்கிறது.

பலன் இல்லாமல் இல்லை. பிள்ளைகள் குறைந்து மூடிப்போன ஒரு பள்ளிக் கட்டடத்தில் இரண்டு அறையைத் திறந்துவிட்டிருக்கிறார்கள், வாரத்தில் மூன்று நாள், பத்து மணி முதல் இரண்டு மணி வரை. எழுத்தில் ஆணை எதுவும் இல்லை, இருக்கிற அதிகாரி நல்லவர் என்பதால் வாயால் சொன்னது, அவருக்கு மாறுதல் வந்தால் சாவியும் மாறிவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். வேன் கிடையாது, ஆட்டோக்கார அப்பா நாலு பேரை ஏற்றி வருகிறார். சிறப்பாசிரியர் செவ்வாய்க்கிழமை மட்டும். மற்ற நாளில் அம்மாக்களே முறை போட்டு உட்காருகிறார்கள், அதாவது ஓய்வு கொடுக்க வேண்டியவர்களுக்கே டியூட்டி. ஒன்பது பேர் வருகிறார்கள். பூண்டு உரிக்கிறார்கள், ஒரு மெஸ்ஸுக்குப் போகிறது. டீக்கடைக்கு நடந்து போய்க் காசு கொடுத்து டீ வாங்கப் பழகுகிறார்கள், கடைக்காரர் முதல் வாரம் காசு வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார், ஐயா, காசு வாங்கினால்தான் அது பாடம் என்று நான் போய்க் கெஞ்ச வேண்டியதாயிற்று. தம்பி முதல் மாதம் மூன்று கிலோ குறைந்தான். கோபத்துக்கான மாத்திரையை டாக்டர் பாதியாக்கியிருக்கிறார். போகாத நாட்களில் வாசலில் நிற்பது மறுபடி ஆரம்பித்துவிட்டது, அது ஒன்றுதான்.

போன மாத மனுவில் கேட்டது இதைத்தான்: வாரம் ஐந்து நாள், ஒரு வேன், சம்பளத்தோடு இரண்டு பணியாளர், எல்லாம் எழுத்தில். பிரிவு 5, பிரிவு 38. ஒரே பக்கம். பொற்பாதம் இல்லை.

இன்னொரு வேலையும் ஓடிக்கொண்டிருக்கிறது. 18 வயது முடிந்தால் அம்மாவே ஆனாலும் சட்டப்படி காப்பாளர் கிடையாது, பேங்கில் அவன் பெயரில் பணம் எடுக்கப் போனால் சிக்கல். தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் கலெக்டர் தலைமையில் உள்ளூர்க் குழு என்று ஒன்று இருக்கிறது, அங்கே விண்ணப்பித்தால் காப்பாளர் சான்று தருவார்கள். அம்மாவுக்குப் பிறகு நான் என்று எழுதிக் கொடுக்கப் போகிறோம். எனக்கு இதில் கொஞ்சம் உறுத்தல் உண்டு, அவனுடைய கையெழுத்துக்குப் பதிலாக என் கையெழுத்து என்பது சின்ன விஷயமா என்ன, 2016 சட்டமே காப்பாளர் என்பதை ஒரு அளவுக்குள், அவனோடு கலந்து முடிவெடுப்பதாகத்தான் வைத்திருக்கிறது. ஆனால் அம்மாவின் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது, தள்ளிப்போட நேரமில்லை.

விண்ணப்பத்துக்கு அவன் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ வேண்டும். ஸ்டுடியோவுக்கு இரண்டு தடவை போய் வந்தாயிற்று. கூலிங் கிளாஸ் போடாமல் போட்டோவுக்கு உட்கார மாட்டேன் என்கிறான். கூலிங் கிளாஸோடு எடுத்ததை அலுவலகத்தில் வாங்க மாட்டார்களாம். நாளைக்குச் சாயங்காலம் மறுபடி போகிறோம், ஸ்டுடியோக்காரர் தானும் ஒன்று போட்டுக்கொண்டு, பிறகு இரண்டு பேரும் சேர்ந்து கழற்றலாம் என்று யோசனை சொல்லியிருக்கிறார்.